எலுமிச்சை, சாத்துக்குடி, நாரத்தை: எதில் என்ன சத்து, எப்படிச் சாப்பிடுவது?

எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடி, நாரத்தை எல்லாம் ஒரே குடும்பமா? எது அதிகம் புளிக்கிறதோ அதில்தான் வைட்டமின் சி அதிகமா? தினமும் சாப்பிட்டால் உண்மையில் என்ன பலன்? இவைதான் கேள்விகள். முதலாவதற்கு ஆம் என்பது பதில். இரண்டாவதற்கு இல்லை. மூன்றாவதற்கான பதில் பழத்துக்குப் பழம் மாறும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் வேரூன்றிப் போன நம்பிக்கை அது. எலுமிச்சையின் புளிப்புக்குக் காரணம் சிட்ரிக் அமிலம். அதன் சாற்றில் நூற்றுக்கு ஐந்து, ஆறு பங்கு அதுவே. வைட்டமின் சி என்பது அஸ்கார்பிக் அமிலம். முற்றிலும் வேறு பொருள். 100 கிராம் எலுமிச்சைச் சாற்றில் அது 30 முதல் 45 மில்லிகிராம் வரைதான் இருக்கும். புளிப்பே தெரியாத சாத்துக்குடியிலும் ஆரஞ்சிலும் 100 கிராமுக்கு 45, 50 மில்லிகிராம் இருக்கிறது. பம்பளிமாஸில் 50 முதல் 60 வரை. துளியும் புளிக்காத கொய்யாவிலோ 200-க்கும் மேல்! பெரிய நெல்லிக்காய் அதையும் தாண்டும்.

இதைத் தினசரிக் கணக்காகப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி ஆணுக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65 மில்லிகிராம் வைட்டமின் சி வேண்டும். ஒரு நாட்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் 15, 20 மில்லி சாறு கிடைக்கும். அதில் இருப்பது 5 முதல் 9 மில்லிகிராம். அன்றாடத் தேவையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். நடுத்தர அளவுள்ள ஒரு சாத்துக்குடியைச் சுளையாகச் சாப்பிட்டால் 60 மில்லிகிராம் வரை கிடைத்துவிடும். வைட்டமினுக்காகத்தான் என்றால் காலையில் எலுமிச்சை ஜூஸ் குடிப்பவர் சாத்துக்குடிக்கு மாறிக்கொள்ளலாம். எலுமிச்சையின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

புளிப்பை வைத்துச் சத்தை எடைபோட்டதற்கு பிரிட்டிஷ் கடற்படை கொடுத்த விலை பெரிது. நெடுங்கடல் பயணங்களில் மாலுமிகளுக்கு ஈறு வீங்கி இரத்தம் கசியும், பல் ஆடும், ஆறிய பழைய காயம்கூடத் திறந்துகொள்ளும், கடைசியில் உயிரே போகும். வைட்டமின் சி பற்றாக்குறையால் வரும் ஸ்கர்வி என்ற நோய் இது. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் நோயுற்ற 12 பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். தினம் இரண்டு ஆரஞ்சும் ஒரு லெமனும் சாப்பிட்ட இருவர் ஆறே நாளில் தேறினார்கள். அதற்குள் பழம் தீர்ந்துவிட்டது. ஆனால் பழம் கெடாமல் இருக்க லிண்ட் சொன்ன வழி, சாற்றைச் சுண்டக் காய்ச்சிப் பாகாக எடுத்துப் போவது. சூட்டில் வைட்டமின் சி அழியும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அந்தப் பாகால் பயனில்லாமல் போனது. கடற்படை முழுவதற்கும் லெமன் சாறு கட்டாயமானது 1795-இல். அதன்பின் ஸ்கர்வி ஏறக்குறைய ஒழிந்தே போனது.

அதற்கடுத்து நடந்ததுதான் நம் கேள்விக்கு நேரடிப் பதில். 1860-களில் மத்தியதரைக் கடல் லெமனுக்குப் பதிலாக, பிரிட்டனின் மேற்கிந்தியக் காலனிகளில் விளைந்த லைம் சாற்றுக்கு மாறினார்கள். நம் நாட்டு எலுமிச்சையும் இந்த லைம் இனம்தான். லெமனைவிட நன்றாகப் புளிக்கிறதே, அதனால் வீரியம் கூடுதலாகத்தான் இருக்கும் என்று எண்ணினார்கள். சாறோ காற்றுப்பட வெகுநாள் கிடந்து, செம்புக் குழாய்களில் ஓடி வந்தது. செம்பு பட்டால் வைட்டமின் சி வேகமாகச் சிதையும். 1875-இல் வட துருவத்தை நோக்கிக் கிளம்பிய பிரிட்டிஷ் பயணக் குழு, கப்பலில் குளிர்காலம் முழுக்க அந்தச் சாற்றைக் குடித்திருந்தும் ஸ்கர்வியில் விழுந்தது. பழச்சாறு ஸ்கர்வியைத் தடுக்கும் என்ற உண்மையையே சிலர் சந்தேகிக்கும் நிலை அதனால் வந்தது. ஹங்கேரிய விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட்-கியோர்கி 1920-களின் இறுதியில் வைட்டமின் சி-யைத் தனியே பிரித்தெடுத்து, 1937-இல் நோபல் பரிசும் பெற்ற பிறகுதான் குழப்பம் முழுதாகத் தெளிந்தது.

இனி, குடும்பக் கதை. இவற்றின் பூர்வீகம் இமயத்தின் தென்கிழக்கு அடிவாரம்: அசாம், வட மியான்மர், சீனாவின் யுன்னான் மேற்குப் பகுதி. 2018-இல் வெளியான ஒரு பெரிய மரபணு ஆய்வு, சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இவை அங்கிருந்து பிரிந்து பரவத் தொடங்கின என்று காட்டியது. மேகாலயாவின் காரோ மலையில் நோக்ரெக் பகுதியில் காட்டு ஆரஞ்சு இன்றும் இருக்கிறது; அதற்கென்றே ஒரு மரபணுக் காப்பகம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

நாம் தின்னும் பழங்களில் பெரும்பாலானவை மூன்று மூதாதைகளின் வாரிசுகள்: பம்பளிமாஸ், மாண்டரின் என்கிற கமலா ஆரஞ்சு வகை, தடித்த தோலுள்ள சிட்ரான் என்கிற நாரத்தை வகை. பம்பளிமாஸும் மாண்டரினும் கலந்ததில் சாத்துக்குடி உள்ளிட்ட இனிப்பு ஆரஞ்சுகளும் கசப்பு ஆரஞ்சும் வந்தன. கசப்பு ஆரஞ்சோடு சிட்ரான் சேர்ந்து லெமன் ஆனது. நம் எலுமிச்சைக்கும் ஒரு பக்கம் சிட்ரான்தான். மறுபக்கம் பப்பேடா என்ற காட்டினம். இனிப்பு ஆரஞ்சு திரும்பவும் பம்பளிமாஸோடு சேர்ந்து, 18-ஆம் நூற்றாண்டில் பார்படோஸ் தீவில் கிரேப்ஃப்ரூட் பிறந்தது. இது மனிதர் கையால் நடந்த ஒட்டு வேலை அல்ல. தேனீக்கள் செய்த கலப்பு. மனிதர் செய்ததற்கு எடுத்துக்காட்டு கின்னோ. 1915-இல் கலிஃபோர்னியாவில் இரண்டு மாண்டரின் வகைகளைக் கலந்து உண்டாக்கி, 1935-இல் வெளியிட்டார்கள். இன்று அது பஞ்சாபின் பெரும்பயிர். குளிர்காலத்தில் நம் ஊர்த் தள்ளுவண்டிகளில் பளபளவென்று குவிந்திருக்கும் ஆரஞ்சில் பெரும்பகுதி கின்னோதான்.

இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் வியப்பாக இருப்பது விதை. எலுமிச்சை விதை ஒன்றைப் போட்டால் சில சமயம் இரண்டு, மூன்று முளை வரும். அவற்றில் பெரும்பாலானவை மகரந்தக் கலப்பில் உருவானவை அல்ல. தாய்மரத் திசுவிலிருந்தே வந்த கருக்கள், அதாவது தாயின் அச்சு. மாம்பழக் கொட்டையைப் போட்டால் என்ன பழம் வரும் என்று பெரும்பாலும் சொல்ல முடியாது. எலுமிச்சையில் நம்பிப் போடலாம். நம் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக விதைக் கன்றிலேயே எலுமிச்சைத் தோப்பு வைத்து வந்ததற்கு இதுவே ஆதாரம். பம்பளிமாஸுக்கும் நாரத்தைக்கும் இந்தக் குணம் கிடையாது. சாத்துக்குடியை ரங்பூர் எலுமிச்சை போன்ற வேர்க்கன்றில் ஒட்டுக்கட்டியே வளர்ப்பார்கள்.

தமிழ்நாட்டில் எலுமிச்சை என்றால் தென்காசி மாவட்டம் புளியங்குடி. அங்குள்ள சந்தையில் வைக்கும் விலைதான் கேரளம் வரை பேசப்படும். அதே வட்டாரத்துக் கடையம் பகுதி மரங்களிலிருந்து தேர்ந்தெடுத்ததுதான் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம் 1 ரகம். பழத்தின் தோலில் பழுப்பாக, சொரசொரவென்று புள்ளி இருந்தால் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அது சொறி நோய் என்னும் பாக்டீரியாத் தாக்குதல். மரத்துக்கும் விலைக்கும் அது கேடு, ஆனால் மேல்தோலோடு நின்றுவிடும். சாற்றைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

சாத்துக்குடி நமக்குப் பெரும்பாலும் ஆந்திரத்தின் அனந்தபூர், கடப்பாவிலிருந்தும் தெலங்கானாவின் நல்கொண்டாவிலிருந்தும் வருகிறது. அது ஏன் பழுத்தும் பச்சையாகவே இருக்கிறது என்று கேட்பார்கள். தோலின் பச்சையம் மறைய குளிர்ந்த இரவுகள் வேண்டும். சமவெளியின் வெக்கையில் உள்ளே இனிப்பு ஏறிவிடும், தோல் பச்சையாகவே நிற்கும். வெளிநாட்டு ஆரஞ்சு போல் நிறம் இல்லை என்பதற்காக நம் சாத்துக்குடியைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஒரே இனம், ஏறக்குறைய ஒரே சத்து. விலையில் மட்டும் மிகுந்த வேறுபாடு.

கமலா ஆரஞ்சில் நாக்பூருக்கும் குடகுக்கும் பெயர் உண்டு. கீழ்ப்பழனி மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குள் ஆரஞ்சு மரங்கள் நிற்கும். தோல் தளர்ந்து, கைபட்டதும் உரியும் அந்த மலை ஆரஞ்சின் மணம் தனி. குடகிலும் பழனி மலையிலும் அது குறைந்துகொண்டே போவது எனக்கு உண்மையான வருத்தம். முக்கியக் காரணங்களில் ஒன்று பச்சையாதல் நோய். சிட்ரஸ் சில்லிட் என்ற சின்னஞ்சிறு பூச்சி இலைச் சாற்றை உறிஞ்சும்போது பாக்டீரியாவைச் செலுத்திவிடும். இலை மஞ்சள் பாரித்து, காய் கோணி, மரம் சில ஆண்டுகளில் பட்டுப் போகும். நோய் வந்த மரத்தைக் குணப்படுத்த வழியில்லை. 2005-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் அந்த மாநிலத்தின் ஆரஞ்சு விளைச்சலில் பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. மலையடிவாரச் சந்தைகளில் அந்த நாட்டு ஆரஞ்சைக் கண்டால் வாங்குங்கள். அதை நட்டு வளர்ப்பவருக்கு விலை கிடைத்தால்தான் மரம் நிற்கும்.

நாரத்தை, கிடாரங்காய் என்ற பெயர்கள் ஊருக்கு ஊர் இடம் மாறும். யாழ்ப்பாணத்தில் எலுமிச்சையைத் தேசிக்காய் என்றும் ஆரஞ்சைத் தோடம்பழம் என்றும் சொல்வார்கள். பெயர் எதுவானாலும் நாரத்தையில் சாறு சொற்பம். தோலும் அதனடியில் உள்ள வெள்ளைச் சதையும்தான் சரக்கு. சுருளாக அரிந்து உப்பு அடைத்து வெயிலில் காயவைக்கும் உப்பு நாரத்தங்காயும், நாரத்தை இலையையும் எலுமிச்சை இலையையும் மிளகாய், ஓமம், பெருங்காயத்தோடு இடித்து உருட்டும் வேப்பிலைக்கட்டியும் நம் சமையலின் அருமையான படைப்புகள். வாய்க்கசப்பை எடுக்கும், பசியைக் கிளப்பும். ஆனால் வெயிலும் நாட்களும் பட்ட ஊறுகாயில் வைட்டமின் சி-யை எதிர்பார்க்க முடியாது, உப்போ ஏராளம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இப்போது எலுமிச்சையின் உண்மையான பெருமை. அது இரண்டு.

ஒன்று, இரும்புச் சத்து. கீரை, கேழ்வரகு, கம்பு, பருப்பு, சுண்டல் இவற்றில் இரும்பு இருந்தாலும் அது குடலில் எளிதில் உட்கிரகிக்கப்படும் வடிவில் இல்லை. அதே வேளை உணவில் வைட்டமின் சி சேர்ந்தால், அந்த இரும்பு கரைந்த வடிவத்துக்கு மாறி உடலில் சேர்வது கணிசமாகக் கூடுகிறது. சிட்ரிக் அமிலமும் இதற்குத் துணைபுரிகிறது. அரை மூடி எலுமிச்சையைச் சுண்டலில் பிழிவதும், கீரையோ பருப்போ சாப்பிட்ட கையோடு ஒரு கமலா ஆரஞ்சு உரிப்பதும் இரத்தசோகை மலிந்த நம் நாட்டில் பெரிய விஷயம், குறிப்பாகப் பெண்களுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும். மணிக்கணக்கில் இடைவெளி விட்டுச் சாப்பிட்டால் இந்தப் பலன் இல்லை. சாப்பாடு முடிந்ததும் டீ குடித்தால் அதிலுள்ள டேனின் எதிர்வேலை செய்யும்.

எலுமிச்சை ரசத்தையும் எலுமிச்சை சாதத்தையும் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே சாறு பிழிய வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது கசந்துபோகும் என்பதற்காக. அதோடு வைட்டமினும் தப்புகிறது. ஈயம் பூசாத பித்தளையிலும் செம்பிலும் அலுமினியத்திலும் சாற்றை வைக்காதீர்கள். அமிலம் உலோகத்தைக் கரைக்கும்.

இரண்டாவது, சிறுநீரகக் கல். நம் ஊர் வெயிலில் வேலை பார்த்து, போதிய தண்ணீர் குடிக்காதவர்களுக்குக் கல் உண்டாவது சகஜம். சிட்ரிக் அமிலத்திலிருந்து வரும் சிட்ரேட், சிறுநீரில் கால்சியத்தைப் பற்றிக்கொண்டு, அது ஆக்சலேட்டோடு சேர்ந்து படிகமாவதைத் தடுக்கிறது. சிறுநீரில் சிட்ரேட் குறைவாக உள்ளவர்களுக்கு மருத்துவர்களே எலுமிச்சைச் சாற்றைத் தண்ணீரில் கலந்து குடிக்கச் சொல்வார்கள். சர்க்கரை வேண்டாம்; உப்பு அதைவிட வேண்டாம், அது சிறுநீரில் கால்சியத்தைக் கூட்டும். வந்துவிட்ட பெரிய கல்லை எலுமிச்சை கரைத்துவிடும் என்று நம்பி வலியோடு காத்திருக்கக் கூடாது.

இனிப்பு வகைகளுக்கு வருவோம். 100 கிராம் ஆரஞ்சில் 47 கலோரி, 9 கிராம் அளவு சர்க்கரை, 2 கிராமுக்குச் சற்று மேல் நார்ச்சத்து, 180 மில்லிகிராம் பொட்டாசியம், கர்ப்பிணிகளுக்கு முக்கியமான ஃபோலேட் கொஞ்சம். சுளையைச் சுற்றிய வெள்ளை நாரை நுணுக்கமாக உரித்துப் போட்டுவிட்டுக் குழந்தைக்குக் கொடுக்கிறோம். பெக்டின் என்ற கரையும் நாரும் ஹெஸ்பெரிடின் போன்ற ஃபிளவனாய்டுகளும் அதிகம் இருப்பது அந்த வெள்ளையிலும் சுளைத் தோலிலும்தான். விதையை மட்டும் எடுத்துவிட்டு மென்று தின்பதே சரி.

அதனால்தான் ஜூஸை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரு டம்ளர் ஜூஸுக்கு மூன்று, நான்கு பழம் வேண்டும். நாரெல்லாம் சக்கையோடு போய்விடும், அத்தனை பழத்தின் சர்க்கரையும் இரண்டு நிமிடத்தில் உள்ளே போகும், போதாக்குறைக்குக் கடையில் மேலே இரண்டு கரண்டி சீனி. சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு சாத்துக்குடி சுளையாக, அளவோடு என்றால் பெரும்பாலும் தடையில்லை. ஜூஸ் தவிர்க்க வேண்டியது. காய்ச்சலில் மெல்ல முடியாமல் கிடப்பவருக்கு ஜூஸ் கொடுப்பது வேறு விஷயம். அப்போதும் பிழிந்த உடனே கொடுங்கள். சாத்துக்குடிச் சாறு நேரம் ஆக ஆகக் கசக்கும், ஏனென்றால் சுளைத் தோலிலும் விதையிலும் உள்ள கசப்பில்லாத ஒரு பொருள் அமிலத்தில் ஊறி லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. மிக்சியில் விதையோடு அடித்தால் உடனேயே கசப்பு ஏறும். கெட்டுப் போனதன் அறிகுறி அல்ல அது.

நம்பிக்கைகள் சிலவற்றுக்குச் சுருக்கமாக. ஆரஞ்சு தின்றால் சளி பிடிக்கும் என்பது தவறு. சளிக்குக் காரணம் வைரஸ். ஏற்கெனவே தொண்டை புண்ணாக இருந்தால் புளிப்பு எரியும், அவ்வளவே. வைட்டமின் சி சளியைத் தடுக்குமா என்றால், சாதாரண வாழ்க்கை வாழ்பவர்களுக்குத் தடுக்காது. பல ஆய்வுகளைத் தொகுத்த 2013-ஆம் ஆண்டின் காக்ரன் மதிப்பாய்வின்படி, வைட்டமின் சி-யைத் தினமும் தவறாமல் கூடுதலாக எடுத்தவர்களில் பெரியவர்களுக்குச் சளி நீடிக்கும் காலம் 8 சதவீதமும் குழந்தைகளுக்கு 14 சதவீதமும் குறைந்தது. வெந்நீரும் தேனும் எலுமிச்சையும் கொழுப்பைக் கரைக்காது. காலை டீயில் போடும் சர்க்கரைக்குப் பதிலாக அதைக் குடித்தால் மிச்சமாகும் கலோரிதான் லாபம். இரத்தத்தைக் காரத்தன்மை ஆக்கும் என்பதும் தவறு. இரத்தத்தின் பி.எச் அளவை 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நுரையீரலும் சிறுநீரகமும் கட்டிக் காக்கின்றன. எலுமிச்சையால் மாறுவது சிறுநீர் மட்டுமே.

எச்சரிக்கைகளை அழுத்திச் சொல்ல வேண்டும். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவிக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். எலுமிச்சைத் தோலில் உள்ள சோரலன் வகைப் பொருட்கள் வெயிலோடு சேர்ந்து கொப்புளத்தையும், மாதக்கணக்கில் மறையாத கருந்தழும்பையும் உண்டாக்கும். அழகுக் குறிப்பு என்ற பெயரில் பரவும் இந்த யோசனையால் எத்தனையோ பெண்கள் அவதிப்படுகிறார்கள். சாறு குடித்ததும் பல் தேய்க்க வேண்டாம்; அமிலத்தில் எனாமல் இளகியிருக்கும் நேரம் அது, தண்ணீரில் கொப்பளித்தால் போதும். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் குடிக்கக் கூடாது. சிறுநீரகம் செயலிழந்து பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவர்கள் ஆரஞ்சு, சாத்துக்குடி எதையும் மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும்.

கடைசியாக கிரேப்ஃப்ரூட்டும் பம்பளிமாஸும். சில மாத்திரைகளைக் குடலிலேயே ஓரளவு சிதைத்து, அளவோடு இரத்தத்துக்கு அனுப்பும் நொதி ஒன்று நமக்கு உண்டு. இந்தப் பழங்களிலுள்ள ஃபுரானோகூமரின்கள் அந்த நொதியை முடக்கிவிடும். கனடாவில் டேவிட் பெய்லி குழுவினர், ஃபெலோடிபின் என்ற இரத்த அழுத்த மருந்தோடு மதுவைச் சேர்த்துச் சோதித்தபோது, மதுவின் சுவை தெரியாமலிருக்க கிரேப்ஃப்ரூட் சாறு கலந்தார்கள். மருந்தின் அளவு இரத்தத்தில் எதிர்பாராமல் எகிறியதில்தான் இது வெளிப்பட்டது. 1991-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின், அழுத்தத்துக்கான நிஃபெடிபின் வகை, மாற்று உறுப்பு பொருத்தியவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் எல்லாம் இந்தப் பட்டியலில் வருகின்றன. காலையில் பழம், இரவில் மாத்திரை என்று பிரித்து வைத்தாலும் பயனில்லை, ஏனென்றால் முடங்கிய நொதி மீண்டும் உருவாக ஒரு நாளுக்கு மேல் ஆகும். சாத்துக்குடியிலும் கமலாவிலும் இந்தப் பொருட்கள் மிகக் குறைவு. வழக்கமான அளவில் அவற்றைச் சாப்பிடலாம். வீட்டுக் கொல்லையில் பம்பளிமாஸ் காய்த்து, வீட்டில் யாராவது இந்த மாத்திரைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தால், அவர் தட்டில் வைக்கும் முன் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ மாத்திரைப் பெயரைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.